நாணயமும் திறனும்: தொடக்ககால மின்னணு விளையாட்டுப் பொறிகளின் நிலைபேறு குறித்த ஒரு நோக்கு

விளையாட்டினை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே நெடுங்காலமாக ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. இலக்கியம், கூத்து, இசை, திரைப்படம் ஆகியவற்றை அணுகும்போது சமூகவியல் நோக்கினைக் கையாளும் அறிஞர் பலர், விளையாட்டு என்றதும் அது சிறுவர்க்குரியது என்றோ, உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் வெறுங் கேளிக்கை என்றோ கூறி அமைந்துவிடுவர். ஆயின், உவகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் விளையாட்டினைக் கொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. மேனாட்டில் யோகான் ஹூய்சிங்கா 1938 இலும், றோஜே கையுவா 1958 இலும் வெளியிட்ட நூல்கள் விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக நிறுவின.

இக்கட்டுரை, 1970 களிலும் 1980 களிலும் 'ஆர்கேட்' எனப்படும் விளையாட்டுக்கூடங்களில் நாணயமிட்டு ஆடப்பட்ட மின்னணுப் பொறிகளை எடுத்துக்கொள்கின்றது. இன்று ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் தொலைபேசியின் ஆற்றலோடு ஒப்பிட்டால் அப்பொறிகளின் ஆற்றல் அற்பமானது. அவற்றின் பின் பல்லாயிரம் விளையாட்டுக்கள் தோன்றி மறைந்துவிட்டன. இருந்தும் பொங், ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பக்-மான், டொங்கி கொங் முதலியன இன்றும் ஆடப்படுகின்றன, அரும்பொருளகங்களில் வைக்கப்படுகின்றன. கடந்துபோன இளமை பற்றிய ஏக்கமே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். அக்காலத்தில் பிறந்திராத இளைஞரும் இவற்றில் ஈடுபடுவதை அவ்விளக்கம் தெளிவுபடுத்தாது. காரணத்தை அவ்விளையாட்டுக்களின் வடிவத்திலும், அவ்வடிவத்தைத் தோற்றுவித்த பொருளாதார உறவுகளிலும் தேடுதல் வேண்டும்.

1. தோற்றம்

மின்னணு விளையாட்டு முதலிற் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலேயே உருப்பெற்றது. 1962 இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்டீவ் றஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் ஆக்கிய 'ஸ்பேஸ்வோர்', ஏறத்தாழ 120,000 டொலர் விலையுள்ள பீ.டீ.பீ.-1 என்னும் கணனியில் ஆடப்பட்டது. அதனை ஆடியவர்கள் எதுவுங் கொடுக்கவில்லை. ஆக்கியவர்கள் எதுவும் பெறவுமில்லை. அந்நிரல் கணனிகள் இருந்த ஏனைய கல்வி நிலையங்களுக்கும் பரவியது.

இப்பொதுச்சொத்து பண்டமாக மாறியது 1971 இலாகும். அவ்வாண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நாணயமிட்டு ஆடத்தக்க 'கலக்சி கேம்' நிறுவப்பட்டது. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரின் 'கொம்பியூட்டர் ஸ்பேஸ்' விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஸ்பேஸ்வோரைத் தழுவியவையே. அடுத்த ஆண்டில் இவ்விருவரும் அட்டாரி நிறுவனத்தை அமைத்தனர். அங்கு பணியாற்றிய அலன் அல்கோர்ன் ஆக்கிய பொங், கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரிலுள்ள ஒரு மதுச்சாலையிற் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டது. சில நாட்களிற் பொறி பழுதடைந்துவிட்டதென அழைப்பு வந்தது. சென்று பார்த்தபோது, நாணயம் விழும் பாத்திரம் நிரம்பி வழிந்தமையே பழுதுக்குக் காரணம் எனத் தெரிந்தது. இப்பொறியில் நுண்செயலி இல்லை; தர்க்கச் சுற்றுக்களைக் கம்பியால் இணைத்தே அது ஆக்கப்பட்டிருந்தது.

இப்பொறிகளின் பின்னாலிருந்த உழைப்பையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். நுண்சில்லுகளைப் பொருத்தும் வேலையை அமெரிக்க நிறுவனங்கள் 1960 களிலிருந்தே ஆசிய நாடுகளுக்கு நகர்த்தத் தொடங்கியிருந்தன. இன்டெல் நிறுவனம் 1972 இல், அதாவது பொங் வெளிவந்த அதே ஆண்டில், மலேசியாவின் பினாங்கிற் பொருத்துதற்கூடம் ஒன்றை அமைத்தது. அத்தகைய ஆலைகளில் உழைத்தோருட் பெரும்பான்மையினர் இளம் பெண்கள். திரையில் ஒளிரும் விளையாட்டின் வரலாறு, அத்திரைக்குப் பின்னால் நுணுக்குக்காட்டியில் கண்பதித்திருந்தோரின் வரலாறுமாகும்.

2. முரண்பாடும் வடிவமும்

விளையாட்டுக்கூடத்துப் பொறி ஓர் அடிப்படை முரண்பாட்டின் மீது நிற்பது. பொறியின் உரிமையாளர் விற்பது நேரம். ஆட்டம் எவ்வளவு விரைவில் முடிகின்றதோ அவ்வளவு விரைவில் அடுத்த நாணயம் விழும். ஆடுபவரின் நலனோ இதற்கு நேர்மாறானது. ஒரே நாணயத்தில் இயன்றவரை நெடுநேரம் நின்றுபிடிப்பதே அவர் நோக்கம். ஆட்டம் மிகக் கடினமாயின் ஆடுபவர் அகன்றுவிடுவார். மிக எளிதாயின் உரிமையாளர்க்கு நட்டம். இவ்விரு நலன்களும் மோதும் இடத்திலேயே இவ்விளையாட்டுக்களின் வடிவம் பிறந்தது. பல பொறிகளின் உட்புறத்தில் உரிமையாளர் மாற்றத்தக்க சிறு ஆளிகள் இருந்தன. எடுத்துக்காட்டாக, பக்-மான் பொறியில் ஒரு நாணயத்திற்கு ஒன்று, இரண்டு, மூன்று அல்லது ஐந்து உயிர்கள் எனத் தெரிவுசெய்யும் வசதி இருந்தது. ஆடுபவரின் ஆயுள் அவர் காணாத ஆளியொன்றால் விலை குறிக்கப்பட்டது.

இம்முரண்பாட்டினை ஆக்கியோர் தீர்த்த முறைகள் பெரும்பாலும் கருவியின் குறைபாடுகளிலிருந்தே பெறப்பட்டன. பொங் விளையாட்டின் மட்டைகள் திரையின் மேல் விளிம்பினைத் தொடமாட்டா. இது மின்சுற்றின் குறை. அல்கோர்ன் அதனைத் திருத்தாது விட்டார். ஏனெனில், அவ்விடைவெளி இல்லையேல் வல்லவர் இருவர் ஆட்டத்தை முடிவின்றித் தொடர்ந்திருப்பர். அன்றியும், மட்டை எட்டுக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, பந்து எக்கூற்றிற் படுகின்றதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பியது. பந்து சிலமுறை அடிக்கப்பட்டபின் அதன் வேகங் கூடியது. இச்சிறு ஏற்பாடுகளாலேயே ஒரு புள்ளியும் இரண்டு கோடுகளும் ஒரு விளையாட்டாயின.

1978 இல் யப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டாகும். இதனை ஆக்கியவர் தொமொகிரோ நிசிகாடோ. பதினொரு நிரல்களும் ஐந்து வரிசைகளுமாக 55 வேற்றுலக உருக்கள் அணிவகுத்து இறங்கும். அப்பொறியின் 8080 நுண்செயலி ஒரு கணத்தில் ஓர் உருவையே நகர்த்த வல்லதாயிருந்தது. ஆகவே உருக்கள் சுட்டு வீழ்த்தப்படுந்தோறும் எஞ்சியவற்றின் முறை விரைந்து வந்தது. அவை வேகமாக நகர்ந்தன. கருவியின் இயலாமையாற் பிறந்த இவ்விளைவினை நிசிகாடோ விளையாட்டின் உயிர்நிலையாகப் பேணிக்கொண்டார். நான்கு தாழ்ந்த சுரங்களாலான ஒலியும் அவ்வேகத்துக்கேற்ப இதயத்துடிப்புப்போல் விரைவுபட்டது. ஆடுபவர் வெற்றியை நெருங்க நெருங்க அபாயமும் நெருங்குகின்றது என்னும் நாடகப் பண்பு இவ்வாறே அமைந்தது. யாப்பின் கட்டுப்பாடு கவிதைக்குச் செறிவளிப்பது போன்று, வன்பொருளின் வறுமை இவ்விளையாட்டுக்களுக்குச் செறிவளித்தது எனலாம்.

3. சூதும் திறனும்

இப்பொறிகள்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுக்களுள் முதன்மையானது, அவை சூதாட்டத்தின் மறுவடிவம் என்பதாகும். இதற்கொரு முன்வரலாறு உண்டு. 1942 இல் நியூயோர்க் நகரத்தில் மேயர் லா குவார்டியாவின் ஆட்சியில் 'பின்போல்' பொறிகள் சூதுக் கருவிகள் எனத் தடைசெய்யப்பட்டுச் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. அன்று அப்பொறிகளிற் பந்தினை மீள உந்தும் துடுப்புக்கள் இருக்கவில்லை; அவை 1947 இலேயே வந்தன. துடுப்பு வந்தபின் ஆட்டம் தற்செயலிலிருந்து திறனை நோக்கிப் பெயர்ந்தது. ஆயின் தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டில், பந்து எவ்வழியே செல்லுமென முன்கூட்டியே உரைத்து நகரசபைக் குழுவின்முன் அவ்வாறே ஆடிக்காட்டப்பட்ட பின்னரே அது நீக்கப்பட்டது. வீடியோ விளையாட்டுக்களுக்கும் இக்கதி நேர்ந்தது. 1981 நவம்பரில் பிலிப்பைன்சின் சர்வாதிகாரி மார்க்கோஸ் அவற்றை நாடெங்கும் தடைசெய்தார். மக்களின் ஒழுக்கத்தைக் காப்பதற்கென்று கூறப்பட்ட இத்தடை, மக்களின் கருவூலத்தையே சூறையாடிய ஓர் ஆட்சியாற் பிறப்பிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

சூதுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு கோட்பாட்டளவிலும் முக்கியமானது. போத்லயர் பற்றி 1939 இல் எழுதிய கட்டுரையில் வால்டர் பெஞ்சமின், ஆலைத் தொழிலாளியையும் சூதாடியையும் ஒப்பிட்டார். பொறியின் முன் நிற்கும் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவும் முந்திய அசைவோடு தொடர்பற்றது. சூதாடியின் ஒவ்வொரு வீச்சும் அத்தகையதே. இருவர்க்கும் அனுபவம் சேர்வதில்லை. எப்போதும் முதலிலிருந்தே தொடங்குகின்றனர் என்பது அவர் கருத்து. விளையாட்டுக்கூடத்துப் பொறியின் முன் நிற்பவரும் முதலிலிருந்தே தொடங்குகின்றார். ஆனால் அவரிடத்தில் ஒன்று சேர்ந்துகொண்டே செல்கின்றது. பொறி எதனையும் நினைவிற் கொள்வதில்லை, ஆடுபவர் கொள்கின்றார்.

பக்-மான் இதனைத் தெளிவாக்கும். நாம்கோ நிறுவனத்தின் தோரு இவத்தானி 1980 இல் ஆக்கிய இவ்விளையாட்டு, கொலைசெய்தலையன்றி உண்ணுதலை அடிப்படையாகக் கொண்டது. ஆண்களே நிறைந்திருந்த கூடங்களுக்குப் பெண்களையும் ஈர்த்தல் அவர் நோக்கமாயிருந்தது. புதிர்வழியில் 240 புள்ளிகளையும் நான்கு ஆற்றற் குளிகைகளையும் உண்டு முடித்தல் வேண்டும். நான்கு பேய்கள் துரத்தும். முதற் பார்வைக்கு அவை தாறுமாறாக அலைவனபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சிவப்புப் பேய் நேரே துரத்துகின்றது. இளஞ்சிவப்புப் பேய் ஆடுபவர் இருக்கும் இடத்தையன்றி அவருக்கு நான்கு கட்டங்கள் முன்னாலுள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கின்றது. நீலப்பேயின் இலக்கு சிவப்புப் பேயின் நிலையையும் ஆடுபவரின் நிலையையும் சார்ந்து கணிக்கப்படுகின்றது. செம்மஞ்சட் பேய் தொலைவிலிருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடுகின்றது. இவற்றோடு, நான்கும் குறித்த இடைவேளைகளில் துரத்துவதை விட்டுத் தத்தம் மூலைகளுக்குச் செல்கின்றன. ஆடுபவரின் அசைவுகள் ஒன்றேயாயின் பேய்களின் அசைவுகளும் ஒன்றேயாகும். எனவே பாதைகளைக் கண்டறிந்து மனனஞ் செய்தோர் ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக ஆடினர். 256 ஆம் கட்டத்தில் எட்டுப் பிற்று எண்ணி நிரம்பி வழிய, திரையின் வலப்பாதி சிதைந்து ஆட்டம் மேற்செல்ல முடியாததாகிவிடும். மனிதர் பொறியின் எல்லைவரை சென்று, பொறியைக் களைப்படையச் செய்தனர் என்பதே இதன் பொருள்.

அச்சந்தரும் குழப்பமாகத் தோன்றிய ஒன்றினுள் ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கு அறியத்தக்கது, அறிந்தவர் அதனை வெல்லலாம் என்னும் இவ்வனுபவமே இவ்விளையாட்டுக்களின் கவர்ச்சிக்கு முதற் காரணம் என்பது எமது கருத்தாகும். அவை உலகத்தைச் சிறிதாக்கிக் காட்டினவாயினும், அறியப்படக்கூடிய உலகமாகவே காட்டின.

4. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இவ்விடத்தில் முற்போக்கு நோக்கினர் ஒரு வலுவான மறுப்பினை எழுப்பலாம். ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1947 இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவத்தின் பிற்காலத்துக் கேளிக்கை என்பது வேலையின் நீட்சியே என வாதித்தனர். வரவர வேகங்கூடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், வேகங்கூட்டப்பட்ட பொருத்துதல் வரிசையை ஒத்ததன்றோ? தொழிலாளி பகலிற் கூலி பெற்றுச் செய்ததை மாலையிற் கூலி கொடுத்துச் செய்கின்றார் அல்லவா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அது பாதி உண்மையே. ஆலையில் வேகத்தை நிருணயிப்பவர் பிறர். திறன் கூடினால் அதன் பயன் உற்பத்தி இலக்கினை உயர்த்தவே உதவும். விளையாட்டுக்கூடத்திலோ திறன் கூடினால் அதன் பயன் திறனுடையவர்க்கே உரியது; உரிமையாளர் விற்ற நேரத்தினும் மிகுந்த நேரத்தை அவர் பெற்றுக்கொள்கின்றார். அவர் உடலும் மனமும் பொறிக்குப் பணிந்துவிடவில்லை; பொறியைப் பயின்று அதனை விஞ்சின. கேளிக்கையை வெறும் ஏமாற்று என ஒதுக்குவோர், மக்கள் அதனுள் நிகழ்த்திய இச்சிறு மீட்பினைக் காணத் தவறுகின்றனர்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அக்கூடங்கள் பொதுக்களங்களாக விளங்கின. ஒருவர் ஆட, பலர் சூழ நின்று பார்த்துக் கற்றனர். அடுத்து ஆட விரும்புபவர் தம் நாணயத்தைத் திரையின் விளிம்பில் வைத்து முறை குறித்தனர். எழுதப்படாத இவ்விதியை எல்லாரும் மதித்தனர். 1979 இல் வெளிவந்த 'ஸ்டார் பயர்', 'அஸ்டிராய்ட்ஸ்' போன்றவை உயர்ந்த புள்ளிபெற்றோர் தம் பெயரின் மூன்று எழுத்துக்களைப் பதிக்க இடமளித்தன. குலமோ செல்வமோ கேளாத ஒரு பட்டியலில் அவ்வெழுத்துக்கள் நின்றன. தொடக்ககாலப் பொறிகள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்தியதும் அவை அழிந்தும் போயின. இப்பொதுக்களத்தை இலட்சியமயப்படுத்துதல் தவறு. பெண்கள் அங்கு வரவேற்கப்பட்டனர் என்று பொதுவாகக் கூறவியலாது. ஆக்கியோருட் பெண்கள் மிகச் சிலரே. 1981 இல் வெளிவந்த 'சென்ரிபீட்' விளையாட்டினை எட் லொக் என்பவருடன் இணைந்து ஆக்கிய டோனா பெய்லி அச்சிலருள் ஒருவர்.

5. காலத்தின் பதிவு

வடிவம் மட்டுமன்றி உள்ளடக்கமும் தன் காலத்தைப் பதிந்துள்ளது. 1980 இல் அட்டாரி வெளியிட்ட 'மிசைல் கொமாண்ட்', அணுவாயுதப் போர் பற்றிய அச்சம் மீண்டும் உயர்ந்த காலத்தது. ஆடுபவர்க்குத் தாக்கும் ஆயுதம் இல்லை. வானிலிருந்து விழும் ஏவுகணைகளினின்றும் ஆறு நகரங்களைக் காத்தலே அவர் பணி. மூன்று தளங்களிலும் தளத்திற்குப் பத்தாக முப்பது ஏவுகணைகளே ஓர் அலைக்கு உண்டு. எந்நகரைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்று கணத்தில் முடிவுசெய்தல் வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினும் ஈற்றில் நகரங்கள் அழியும். வழக்கமாக ஆட்டம் முடிந்தது எனத் தோன்றும் இடத்தில் 'முடிவு' என்ற பொருளுடைய சொற்களே திரையை நிரப்பின. இதனை ஆக்கிய டேவ் தூரர், நகரங்கள் எரிவதாகத் தாம் தீக்கனவுகள் கண்டதைப் பின்னாளிற் கூறியுள்ளார். அணுவாயுதப் போரில் வெற்றி இல்லை என்னும் கருத்தினை ஒரு நாணயத்திற்கு இவ்வளவு அழுத்தமாக உணர்த்திய பிறிதொரு சாதனத்தைக் காண்டல் அரிது.

அதே நிறுவனத்தின் 'பட்டில்சோன்' மறுபக்கத்தைக் காட்டும். தாங்கிப்போர் விளையாட்டான அதனைப் படையினர் பயிற்சிக்கேற்ப மாற்றித் தருமாறு அமெரிக்க இராணுவத்தின் சார்பிற் கோரப்பட்டது. அதனை ஆக்கிய எட் றொட்பேர்க் விருப்பமின்றியே அப்பணியைச் செய்தார். விளையாட்டும் யுத்தமும் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

6. சமத்துவத்தின் முறிவு

இப்பொறிகள் கொண்டிருந்த ஒருவகைச் சமத்துவம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நாணயம் ஆட்டத்தைத் தொடக்குவதோடு தன் அதிகாரத்தை இழந்துவிடும்; அதன்பின் செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே விதி என்பதே அச்சமத்துவம். 1985 இல் அட்டாரி வெளியிட்ட 'கோண்ட்லெட்' விளையாட்டில் நால்வர் ஒருங்கே ஆடலாம். ஆயின் ஆடுபவரின் உயிராற்றல் காலம் செல்லச் செல்லத் தானே குறையும். மேலும் நாணயமிட்டால் அது கூடும். விழுந்த இடத்திலிருந்தே பணங்கொடுத்துத் தொடரும் வசதியும் அக்காலத்திற் பரவியது. நாணயம் இப்போது ஆட்டத்தின் வாயிலில் நிற்கவில்லை. ஆட்டத்தினுள்ளே புகுந்து திறனின் இடத்தைப் பிடித்தது.

இன்றைய தொலைபேசி விளையாட்டுக்கள் பலவற்றில் இப்போக்கு முழுமை பெற்றுள்ளது. அவற்றில் நுழைவு இலவசம், வெற்றி விலைக்குரியது. உள்ளே இருப்பது யாதென்று அறியாது பணங்கொடுத்துத் திறக்கும் பெட்டிகள், திறன் தொலைத்துவிட்டு வந்த தற்செயலை மீண்டும் கொணர்ந்தன. விதிகள் எட்டாத் தொலைவிலுள்ள கணனிகளில் மறைந்துள்ளன; நிறுவனம் விரும்பியபோது மாறுகின்றன. இச்சூழலிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பொறிகளின் கவர்ச்சி புதுப்பொருள் பெறுகின்றது. ஆடுபவரை அவை தோற்கடித்தன, ஆனால் ஏமாற்றவில்லை. எல்லார்க்கும் ஒன்றாயிருந்த விதியின்மீது கொண்ட நாட்டமே, ஏக்கம் என்ற பெயரில் இன்று வழங்குகின்றது.

7. பேணுதல்

இப்பொருட்களைப் பேணுவதில் இன்று எழும் வினா வெறும் சேகரிப்பாளர் வினாவன்று. நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகம் 2012 இல் பக்-மான் உட்படப் பதினான்கு வீடியோ விளையாட்டுக்களைத் தன் தொகுதியிற் சேர்த்தது. றொச்செஸ்டர் நகரின் ஸ்ட்ரோங் அரும்பொருளகம் 2015 இல் தொடங்கிய சிறப்புப் பட்டியலின் முதல் ஆறனுள் பொங்கும் பக்-மானும் இடம்பெற்றன. மறுபுறம் கூடங்கள் மூடப்படுகின்றன. யப்பானின் சேகா நிறுவனம் தன் விளையாட்டுக்கூடத் தொழிலின் பெரும்பங்கை 2020 இல் விற்று, 2022 ஜனவரியில் எஞ்சியதையும் கைவிட்டது.

பொறிகள் மூப்படைகின்றன. 1990 களில் கப்கொம் நிறுவனத்தின் சில சுற்றுப்பலகைகளிற் படியெடுப்பதைத் தடுக்குமுகமாக மறைகுறிச் சாவி ஒன்று மின்கலத்தால் ஓம்பப்பட்டது. மின்கலம் தீர்ந்ததும் பலகை செயலிழந்தது. சொத்துரிமையைக் காக்க வைத்த பொறிமுறை, காக்கப்பட்ட பொருளையே அழித்தது. இந்நிலையில் 1997 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோறியா தொடக்கிய 'மேம்' என்னும் நிரல், பழைய பொறிகளின் செயற்பாட்டினைச் சாதாரண கணனியிற் போலச்செய்து காட்டியது. அதனை வளர்த்தோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த தொண்டர்கள். இறந்துபோன பொறிகள் பலவற்றின் உள்ளமைப்பினை அவர்கள் எழுதிவைத்துள்ளனர். எனினும் சட்டம் அவர்க்குத் துணைநிற்கவில்லை. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுக்களுள் 87 சதவீதமானவை விற்பனையிற் கிடைப்பதில்லை என 2023 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இருந்தும், பேணப்பட்ட விளையாட்டுக்களை ஆய்வாளர் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்யலாம் என்ற கோரிக்கை 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தால் நிராகரிக்கப்பட்டது. விற்கவும் படாது, நூலகம் வழி வழங்கவும் படாது அழியும் பண்பாட்டுப் பொருள் யாருக்குரியது என்பதே இங்கு எழும் அடிப்படை வினாவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தொடக்ககால விளையாட்டுப் பொறிகளின் நிலைபேற்றுக்கு மூன்று காரணங்களை வகுத்துரைக்கலாம். ஒன்று, உரிமையாளர் நலனும் ஆடுபவர் நலனும் மோதியதாற் பிறந்த வடிவச் செறிவு. இரண்டு, பயின்றறியத்தக்க விதிகளும் அவற்றை விஞ்சும் மனிதத் திறனும். மூன்று, அத்திறன் பலர் காண வெளிப்பட்ட பொதுக்களம். முதலாவது வணிகத்தின் குழந்தை. ஏனைய இரண்டும் அவ்வணிகத்தினுள்ளேயே மக்கள் தமக்கென வென்றெடுத்தவை.

ஆதலால் வெகுசனப் பண்பாட்டினை முற்றாக ஏற்பதும் முற்றாக மறுப்பதும் ஒருங்கே தவறாகும். ஒவ்வொரு வடிவத்திலும் எது மூலதனத்திற்கு உரியது, எது மக்களுக்கு உரியது எனப் பிரித்தறிதலே ஆய்வாளர் கடன். ஸ்பேஸ்வோர் ஒரு பல்கலைக்கழகத்திற் பொதுச்சொத்தாகத் தோன்றியது. பண்டமாகி உலகைச் சுற்றியது. இன்று தொண்டர் கைகளில் அதன் வழித்தோன்றல்கள் மீண்டும் பொதுச்சொத்தாக முயல்கின்றன. அம்முயற்சி நிறைவேறுமா என்பதைத் தொழினுட்பம் தனித்து நிருணயிக்காது. பண்பாட்டுச் செல்வத்தின் உடைமை பற்றி நாம் மேற்கொள்ளும் நிலைப்பாடே அதனை நிருணயிக்கும்.